துவாயை மாட்டிவிடச் சொன்ன வருடங்கள்

தம்பி கஜன்,

நேற்றும் டெலிபோனில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், "இந்தா, அம்மாவோடை கதை" என்று ரிசீவரைக் கொடுத்துவிட்டேன். கலியாணத்துக்கு அடுத்த நாள் காலையிலிருந்து அப்பா ஏன் முகம் கொடுத்துக் கதைக்கிறாரில்லை என்று கேட்டாய். நிவேதா வீட்டாரோடு ஏதும் மனவருத்தமோ, சாப்பாட்டில் குறையோ என்று அம்மாவையும் துருவியிருக்கிறாய். அப்படி ஒன்றும் இல்லை. நிவேதா நல்ல பிள்ளை. அவளுடைய தாய் தகப்பன் கோயம்புத்தூரிலிருந்து அவ்வளவு தூரம் வந்து, அந்தத் தை மாதக் குளிரிலும் எல்லாரோடும் சிரித்த முகமாய் நின்றார்கள். சாப்பாடும் திறம். விஷயம் வேறு. டெலிபோனில் சொன்னால் நீ சிரித்துவிடுவாய் என்று பயந்துதான் எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். அவசரமில்லை, ஆறுதலாக வாசி. விளங்காத இடத்தில் நிவேதாவைக் கேள்.

அன்று காலை நாங்கள் பான் நகரத்து வீட்டுக்குத் திரும்பிப் போக வெளிக்கிட்டபோது, கூறைப் பெட்டியை வாங்கிக்கொண்டு போகலாம் என்று உங்கள் அறைக் கதவைத் தட்டினேன். டார்ம்ஸ்டாட்டில் நீ பார்த்துப் பிடித்த ஹோட்டல், நல்ல பெரிய ஹோட்டல்தான். நிவேதா கதவைத் திறந்து, "வாங்க மாமா, காபி சொல்லட்டுமா?" என்றாள். வேண்டாம் பிள்ளை என்று சொல்லிவிட்டு, கையில் பட்டிருந்த சந்தனத்தைக் கழுவக் குளியலறைக்குள் போனேன். துவாய்கள் எல்லாம் நிலத்தில் கிடந்தன. பெரியது, சின்னது, கை துடைக்கிறது எல்லாம். ஒன்று மடிப்புக்கூடக் குலையவில்லை, அப்படியே தண்ணீருக்குள் கிடந்தது. யன்னல் விரியத் திறந்திருந்தது. வெளியே பனி கொட்டுகிறது, யன்னலுக்குக் கீழே ஹீற்றர் முழு வேகத்தில் எரிகிறது. நான் குனிந்து ஒரு துவாயை எடுக்கப் போனேன். நீ வாசலில் நின்று ரை கட்டிக்கொண்டு, "விடுங்கோ அப்பா, ஹோட்டல் ஆக்கள் வந்து மாத்துவினம். காசு குடுத்திட்டம்தானே" என்றாய். அன்பாகத்தான் சொன்னாய். அப்பா குனிந்து முதுகை நோகடிக்கக்கூடாது என்றுதான் சொன்னாய். அது எனக்கு விளங்கியது. ஆனாலும் துவாயை எடுக்காமல் நிமிர்ந்தேன். கூறைப் பெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

ஒரு துவாய்க்காக ஒரு தகப்பன் இவ்வளவு நாள் மகனோடு கதைக்காமல் இருப்பானா என்று நீ கேட்பாய். அதைச் சொல்வதென்றால் பழசை எல்லாம் சொல்லத்தான் வேண்டும். உனக்குத் தெரிந்த பழசுதான். ஆனால் நீ வீட்டை விட்டுப் போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது.

நாங்கள் ரைன் கரையில் அந்தச் சின்ன ஹோட்டலைக் குத்தகைக்கு எடுத்தபோது நீ இன்னும் சின்னப் பிள்ளை. அதற்கு முதல் நான் கொலோனில் இன்னொருவருடைய குசினியில் கோப்பை கழுவினேன், அம்மா வங்கி, கந்தோர் என்று துப்புரவாக்கப் போய் வந்தா. சொந்தமாக ஒரு தொழில் என்று வந்ததே எங்களுக்குப் பெரிய காரியம். சைக்கிளில் ஆற்றோரமாய்ப் போகிறவர்கள், மலை ஏற வருகிறவர்கள், ஓய்வூதியம் எடுத்த கிழவன் கிழவிகள், இவர்கள்தான் வந்து தங்கினார்கள். நான் வரவேற்பு மேசையும் குசினியும். அம்மா மேலே அறைகளும் கீழே நிலவறையில் தோய்க்கிற மெசினும். நீ வரவேற்பு மேசையின் ஓரத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்துகொண்டு, ஆட்கள் வந்தால் என்னைவிட நல்ல டொச்சு மொழியில் வணக்கம் சொல்லுவாய்.

மார்க் போய் யூரோ வருவதற்கு முந்திய வருடம் என்று நினைக்கிறேன். உன்னுடைய பள்ளிக்கூடத்தில் தண்ணீரைப் பற்றி ஒரு கிழமை முழுக்கப் படிப்பித்தார்கள். நீ வந்து நிலவறைப் படியில் இருந்துகொண்டு அம்மா வேலை செய்வதைப் பார்த்தாய். நானும் அப்போது அங்கே நின்றேன்.

"அம்மா, இது நேற்றுப் போட்ட துவாய் எல்லே? ஏன் திருப்பித் தோய்க்கிறியள்?"

"நிலத்திலை கிடந்தது. நிலத்திலை போட்டா மாத்தத்தானே வேணும்."

"ஊத்தை இல்லையே."

"ஊத்தையோ இல்லையோ, ஆர் மணந்து பாக்கிறது?" என்று அம்மா சொல்லிவிட்டு ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு கையாலும் இழுத்து எடுத்தா. நீ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

அந்த வார முடிவில்தான் நீ முதல் அட்டையைச் செய்தாய். சுத்தமான துவாயை நிலத்தில் போடாதீர்கள் என்று, பச்சை மட்டையில், பள்ளிக்கூடக் கொம்பியூட்டரில் அடித்து வெட்டியது. ஆறு, மீன், சவர்க்காரத் தூள், வருங்காலப் பிள்ளைகள் எல்லாம் அதில் இருந்தன. எல்லாக் குளியலறைகளிலும் மாட்டினோம். உண்மையைச் சொன்னால் நான் அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிள்ளை ஆசைப்படுகிறான், செய்யட்டும் என்று விட்டேன். ஒவ்வொரு வைகாசியும் வரும் அந்த வயது போன தம்பதி உனக்கு ஞாபகம் இருக்கும். அந்த மனிசன் அட்டையைக் கழற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். கோபமே இல்லாத குரலில், "நாங்கள் இங்கே ஓய்வெடுக்க வருகிறோம், பாடம் படிக்க அல்ல" என்றார். நீ பக்கத்தில் நின்றாய், உன்னுடைய காது சிவந்து போயிற்று. நான் மன்னிப்புக் கேட்டேன். "உங்கள் மகன் கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு, புதுத் துவாய் வாங்கிக்கொண்டு மேலே போனார்.

"நீ எழுதினது வாத்தியார் எழுதின மாதிரி இருக்கு. கேக்கிற மாதிரி எழுது" என்று அம்மா சொன்னா. அதன் பிறகு நீ இரண்டாவது அட்டையை எழுதினாய். இந்தத் துவாய்களை என் அம்மா கீழே தோய்க்கிறார், உங்களுடையது இன்னும் சுத்தமாக இருந்தால் கொழுவியில் மாட்டிவிடுங்கள் என்று அவ்வளவுதான். அது எல்லாருக்கும் பிடித்துப் போயிற்று. காலைச் சாப்பாட்டு நேரம் பெண்கள் எழும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக் கதைத்தார்கள். ஒரு பெண் கண்கலங்கிப் போனா. அட்டையைப் படம்கூடப் பிடித்தா. அடுத்த நாள் அம்மாவும் நீயும் அவவுடைய அறையைத் துப்புரவாக்கப் போனீர்கள். துவாய்கள் எல்லாம் வழமை போல நிலத்தில். அந்தக் குவியலுக்கு மேலே ஒரு சொக்லேற், "அம்மாவுக்கு" என்று எழுதிய துண்டோடு. அம்மா சிரித்துச் சிரித்துக் கட்டிலில் இருந்துவிட்டா. நீ சிரிக்கவில்லை. அந்தச் சொக்லேற்றைத் தின்னவும் இல்லை.

அந்தச் சொக்லேற்றை நான் அதற்குப் பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறேன். நீ இப்போது குடும்பக்காரன், அதனால் சொல்கிறேன். நல்ல விஷயம் ஒன்றைச் சொன்னால் அதை நல்லது என்று ஒத்துக்கொள்ளாத ஆள் இல்லை. ஒத்துக்கொண்டது செய்ததற்குச் சமம் என்று அவர்களே நம்பிவிடுகிறார்கள். அதில் களவும் இல்லை, கள்ளமும் இல்லை. நிவேதா "ஓகே, பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் விட்டால் அவளோடு சண்டை பிடிக்காதே. நீயும் அப்படித்தான். நானும் உன்னுடைய அம்மாவுக்கு எத்தனை தரம் "ஓமோம்" சொல்லியிருப்பேன்.

இதற்குள் எனக்கும் அந்தக் கிறுக்குப் பிடித்துவிட்டது. காலைச் சாப்பாட்டு மேசையில் பாண், சீஸ், இறைச்சி என்று மலைபோல எடுத்து வைத்துக்கொண்டு பாதியில் எழும்பிப் போவார்கள். அதை வாளியில் கொட்டுவது என்னுடைய வேலை. முதலில் சின்னச் சாப்பாட்டுக் கோப்பைகள் வாங்கி வைத்தேன். அவர்கள் கூடுதல் தரம் எழும்பி வந்தார்கள். பிறகு, எடுத்துச் சாப்பிடுகிற மேசையையே நிற்பாட்டிவிட்டு, வேண்டியதைக் கேளுங்கள், சுடச்சுடக் கொண்டுவந்து தருகிறேன் என்றேன். ஒவ்வொரு இலையுதிர் காலமும் ஒரு பஸ் நிறைய வயது போன ஆட்களைக் கூட்டிவரும் மனிசன் என்னை ஒரு பக்கமாய்க் கூப்பிட்டான். "மற்ற இடங்களில் மேசை நிறைய இருக்கிறது. இங்கே கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. என் ஆட்களுக்கு வெட்கமாக இருக்கிறது" என்றான். அடுத்த வருடம் பஸ் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை.

"உலகத்தைக் காப்பாத்துங்கோ, நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. முதல்லை இந்தப் பிள்ளையைப் படிப்பிக்கவேணும்" என்று அம்மா சொன்னா. பெரிய கோப்பைகளை அம்மாவே எடுத்துக் கழுவித் திரும்ப அடுக்கினா. நான் தடுக்கவில்லை.

பிறகு அந்தப் பாட்டுக் குழு வந்தது. அந்தக் கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். கிழக்கு ஜெர்மனிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், மேல் மாடி முழுக்க அவர்கள்தான். முதல் நாள் ஒரு துவாய்கூட நிலத்தில் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. நீ படியில் தடதடவென்று இறங்கி ஓடிவந்து, "அப்பா, ஒண்டுமில்லை! எல்லாம் மாட்டின மாதிரியே இருக்கு!" என்று கத்தினாய். அம்மா நிலவறையில் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதில் இருந்து தேத்தண்ணி குடித்தா. மெசின் வாயைத் திறந்தபடி சும்மா கிடந்தது. "சொன்னாக் கேப்பினம் அப்பா. சரியான ஆக்கள் வரவேணும், அவ்வளவுதான்" என்று நீ சொன்னாய். உன்னுடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முதலும் கண்டதில்லை, பிறகும் கண்டதில்லை. கலியாண மேடையில்கூட.

அவர்கள் வெளிக்கிட்ட அன்று நீதான் மேசையில் நின்றாய். குழுவின் தலைவர் வந்து, "நாங்கள் உங்கள் துவாய்களைப் பாவிக்கவில்லை. எல்லாரும் வீட்டிலிருந்து கொண்டுவந்தோம். அதற்கான காசைக் கழித்துவிடுவீர்கள்தானே?" என்று கேட்டார். துவாய்க்கு வேறாகக் காசு எடுப்போம் என்று யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

"நீங்கள் அட்டையை வாசிக்கவில்லையா?" என்று நீ கேட்டாய்.

"எந்த அட்டை?" என்றார் அந்த மனிசன்.

அன்று பின்னேரமே நீ ஒவ்வொரு அறையாகப் போய் அட்டைகளைக் கழற்றினாய். பழைய பேப்பர் போடுகிற தொட்டிக்குள் போட்டாய். அம்மா கேட்டதற்கு, "காணும் அம்மா, இனி வேண்டாம்" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு இந்தக் கதையை நீ எடுக்கவே இல்லை. படித்தாய், டார்ம்ஸ்டாட்டுக்குப் போனாய், எஞ்சினியர் ஆனாய், கிழமைக்கு ஒரு ஊரும் ஒரு ஹோட்டலுமாய்த் திரிகிற வேலை கிடைத்தது. எல்லாம் எங்களுக்குச் சந்தோஷம்தான்.

நான் அந்தத் தொட்டிக்குள் கையை விட்டு அட்டைகளை எடுத்துத் திரும்ப மாட்டினேன். ஏன் என்று அம்மா கேட்டா. பிள்ளை இவ்வளவு பாடுபட்டுச் செய்தது குப்பைக்குள் போகக்கூடாது என்று முதலில் நினைத்திருப்பேன். பிறகு அது என்னுடைய விஷயமாகவே ஆகிவிட்டது. வருகிறவர்களுக்கு அறைத் திறப்பைக் கொடுக்கும்போது வாயாலும் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள். குளிர்காலத்தில் தெருவில் இறங்கி நின்று, எந்த அறையில் யன்னல் திறந்திருக்கிறது என்று அண்ணாந்து பார்ப்பேன். படி ஏறிப் போய்க் கதவைத் தட்டி, ஹீற்றரைக் குறைத்துவிட்டுத் திறவுங்கோ என்று பணிவாகச் சொல்லுவேன். ஹோட்டல்களைப் பற்றி இன்ரநெற்றில் எழுதுகிற இடம் ஒன்றில், இந்த முதலாளி தெருவில் நின்று விருந்தாளிகளை வேவு பார்க்கிறார் என்று ஒருவர் எழுதிவிட்டார். நீதான் அதை வாசித்துவிட்டு டெலிபோன் எடுத்தாய். "அப்பா, உதெல்லாம் விடுங்கோ. ஆக்கள் வராமல் விடப்போகினம்" என்றாய். நான் ஓம் என்றேன். யன்னல் பார்க்கப் போவதை மட்டும் விட்டேன்.

அம்மாவின் தோள் போனது உனக்குத் தெரியும். இனிப் பாரம் தூக்கக்கூடாது என்று டொக்டர் சொன்ன பிறகு, தோய்க்கிற வேலையை வெளியே ஒரு கொம்பனிக்குக் கொடுத்தோம். லொறி வரும், எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது ஒவ்வொரு கட்டும் பிளாஸ்ரிக் சுற்றி வரும். ஊத்தையானதை மட்டும் தந்தால் என்ன என்று அந்த லொறிக்காரனிடம் கேட்டேன். நல்ல மனிசன், யோசித்துத்தான் சொன்னான்: "தரலாம். லொறி எப்படியும் வரும், மெசின் எப்படியும் ஓடும், காசும் அதேதான்." அதன் பிறகு, நிலத்தில் கிடந்தாலும் மாட்டியிருந்தாலும் எங்களுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனாலும் அட்டைகளை நான் கழற்றவில்லை. அது விசர்த்தனம் என்று எனக்கே தெரியும்.

இவ்வளவு காலமும் நான் ஒன்றை நம்பிக்கொண்டிருந்தேன். இவர்களுக்குத் தெரியாது, அதனால்தான் செய்கிறார்களில்லை என்பதுதான் அது. நிலவறை எங்கே இருக்கிறது என்று தெரியாது, ஈரமான விரிப்பு எவ்வளவு பாரம் என்று தெரியாது, வாளியில் என்ன போகிறது என்று தெரியாது. தெரிந்தால் செய்வார்கள் என்று நினைத்தேன். அன்று உன்னுடைய குளியலறையில் நின்றபோதுதான் அது பிழை என்று விளங்கியது. நீ அந்த நிலவறைப் படியில் இருந்து வளர்ந்த பிள்ளை. அம்மாவின் தோளுக்கு எண்ணெய் பூசிவிட்ட பிள்ளை. உனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. நீயே செய்யவில்லை என்றால், ஒரு இரவு தங்கிவிட்டுப் போகிற வழிப்போக்கனிடம் நான் என்னத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன்? எனக்கு வந்தது கோபம் இல்லை, தம்பி. கோபம் என்றால் அங்கேயே இரண்டு சொல் சொல்லிவிட்டு அடுத்த மணித்தியாலம் மறந்திருப்பேன். கையில் பிடித்திருந்தது ஏதோ நழுவிப் போன மாதிரி இருந்தது. அதே ஹோட்டலில் கீழே எங்களுடைய அறையில் நான் துவாய்களை எல்லாம் மாட்டிவிட்டுத்தான் கலியாண மண்டபத்துக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஹோட்டல்காரர் அதையும் மாற்றிவைத்திருந்தார்கள்.

இதை வாசித்துவிட்டு நீ இனிமேல் எனக்காக ஒன்றையும் மாட்ட வேண்டாம். மாட்டினாலும் எனக்குச் சொல்ல வேண்டாம். நான் வந்து பார்க்கப் போவதில்லை. ஒரு ஆளை மாற்றலாம் என்ற எண்ணம் என்னிடம் இனி இல்லை. அது உன்னுடைய பிழை இல்லை. நீ நல்ல மகன். பாரம் தூக்காதே என்று எங்களை இந்த வயதில் நிற்பாட்டியதும் நீதான், பானில் வீடு பார்த்துத் தந்ததும் நீதான். அடுத்த முறை டெலிபோன் எடுக்கும்போது நான் வழமை போலக் கதைப்பேன். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டியா என்று கேட்பேன். அந்தக் காலையை இனிக் கிளற மாட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. போன கிழமை நாங்கள் ஹோட்டலைக் கையளித்தோம். புதிதாக எடுத்தவர்கள் ஒரு இளம் புருஷனும் பெஞ்சாதியும், டொச்சுக்காரர், உன்னுடைய வயதுதான் இருக்கும். நான் அறை அறையாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். எந்தக் குழாய் இறுகும், எந்தக் கதவு மழைக்கு உப்பும் என்று சொல்லிக்கொண்டு வந்தேன். மேல் மாடியில் அந்தப் பெண் குளியலறையில் தொங்கிய உன்னுடைய பழைய அட்டையை வாசித்துவிட்டு, தன்னுடைய பைக்குள்ளிருந்து ஒரு அட்டையை எடுத்தாள். தடித்த கடதாசி, ஒரு இலை வரைந்திருந்தது, தானே வரைந்ததாம். துவாயைப் பற்றி, வெளிச்சத்தைப் பற்றி, யன்னலைப் பற்றி எல்லாம் எழுதியிருந்தாள். நல்லாக எழுதியிருந்தாள்.

"நீங்கள் இத்தனை வருடம் இங்கே இருந்திருக்கிறீர்கள். இங்கே வருகிறவர்கள் இதையெல்லாம் கேட்பார்களா?" என்று என்னைக் கேட்டாள்.

அம்மா கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றா. அந்தப் பெடியனும் என்னுடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓம், கேட்பார்கள். இங்கே வருகிறவர்கள் நல்ல ஆட்கள்" என்றேன்.

அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். என்னுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாள். திறப்புகளைக் கொடுத்துவிட்டு நாங்கள் இறங்கி வந்தோம்.

காரில் ஏறிக் கொஞ்சத் தூரம் வந்த பிறகு அம்மா கேட்டா: "என்னப்பா, அந்தப் பிள்ளைக்கு ஏன் பொய் சொன்னியள்?"

"உண்மையைச் சொன்னா நிப்பாட்டிப்போடும்."

"நிப்பாட்டினாத்தான் என்ன? நாங்கள் செய்து என்ன நடந்தது?"

பாலம் தாண்டுகிறபோது அம்மாவே, "அந்தப் பிள்ளைக்குச் சொல்லாததை எங்கடை பிள்ளைக்கெண்டாலும் சொல்லுங்கோ. அவன் போன் எடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறான்" என்றா. அதனால்தான் உனக்கு இதை எழுதினேன். உனக்கு நான் பொய் சொல்லத் தேவையில்லை.

அவர்கள் கேட்க மாட்டார்கள், தம்பி. அந்தப் பெண்ணுக்கு அது தெரியவர ஒரு கோடைகாலம் போதும். அதுவரைக்கும் அவள் ஒவ்வொரு நாள் காலையும் ஏதோ நடக்கும் என்று நினைத்துக்கொண்டு கதவைத் திறப்பாள். திறக்கட்டும்.

அப்பா